மார்க்கர் நின்ற மூலை: ஊட்டி கிளப்பிலிருந்து கைப்பேசித் திரை வரை

ஒரு விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் ஆடியவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பார்த்தவர்கள் அதில் எண்ணிக்கையாக மட்டும் வருவார்கள். பல வேளை அப்படியும் வருவதில்லை. ஆந்திர எல்லையோரத்து நகரியிலோ விஜயபுரத்திலோ, வீட்டில் எல்லோரும் உறங்கிய பின் கைப்பேசியைத் தலையணைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஜித்தாவில் நடக்கும் ஒன்பது பந்து பூல் போட்டியைப் பார்க்கும் ஓர் இளைஞர், இந்த வரலாற்றின் எந்தப் பக்கத்தில் இடம்பெறுவார்? அவருக்குப் பூல் மேசை சொந்தமில்லை. ஊரிலும் மேசை இல்லாமல் இருக்கலாம். ஆயினும் ஆட்டத்தின் நுணுக்கம் அவருக்குத் தெரியும். இவ்வகைப் பார்வையாளர் திடீரென்று தோன்றியவர் அல்லர். அவருடைய முன்னோடி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ் நிலத்தின் மலையூர் ஒன்றில், ஓர் அறையின் மூலையில் நின்றவர்.

1. அறையும் விதிப்பலகையும்

மேசைமேல் கோல்கொண்டு பந்தை அடிக்கும் ஆட்டங்கள் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக இருந்தவை. அவற்றுள் ஸ்னூக்கர் இந்தியாவில் பிறந்தது. 1875இல் ஜபல்பூர் படைமுகாமில் டெவன்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த நெவில் பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரால்ட் சேம்பர்லேன் என்னும் இளம் அதிகாரி, அப்போது வழக்கிலிருந்த 'பிளாக் பூல்' ஆட்டத்தில் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். (பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான நெவில் சேம்பர்லேன் வேறொருவர்.) வுல்விச் இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவரைக் கேலியாக அழைக்கும் 'ஸ்னூக்கர்' என்ற சொல், எளிதான பந்தைத் தவறவிட்ட சக அதிகாரி ஒருவர்மீது எறியப்பட்டு, பின்னர் ஆட்டத்தின் பெயராகவே நிலைத்தது.

'பூல்' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. அது குளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு தொடர்பற்றது. ஆடுவோர் அனைவரும் பணயப் பணத்தை ஓரிடத்தில் சேர்த்து, வென்றவர் அதனை எடுத்துக்கொள்ளும் வழக்கத்தைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது என்பர். ஆக, பூல், ஸ்னூக்கர் என்னும் இரு பெயர்களில் ஒன்று சூதிலிருந்தும் மற்றொன்று கேலியிலிருந்தும் பிறந்தவை.

சேம்பர்லேன் ஆப்கன் போரில் காயமுற்ற பிறகு, சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த பிரடெரிக் ராபர்ட்ஸின் அலுவலர் குழுவில் சேர்ந்தார். கோடைதோறும் அக்குழு உதகமண்டலத்துக்கு இடம்பெயரும். 1841இல் நிறுவப்பட்ட ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில், 1880களின் தொடக்கத்தில், ஸ்னூக்கரின் விதிகள் முதன்முதலில் எழுத்தில் வடிக்கப்பட்டுச் சுவரில் இடம்பெற்றன. ஆட்டம் பிறந்த ஊர் ஜபல்பூர் எனில், அது விதி பெற்ற ஊர் ஊட்டி.

இச்செய்திக்கான ஆதாரம் எத்தகையது என்பதை மாணவர்கள் நோக்க வேண்டும். 1938இல் 'தி பீல்ட்' இதழுக்குச் சேம்பர்லேன் எழுதிய கடிதமே இதன் மூலச் சான்று. அப்போது அவருக்கு வயது 82. நிகழ்ச்சி நடந்து 63 ஆண்டுகள் கடந்திருந்தன. ஸ்னூக்கர் வுல்விச்சில் தோன்றியது என்று பிறர் கூறியதை மறுக்கவே அவர் எழுதினார். ஊட்டியில் அவரோடு ஆடிய பழைய படைத்தலைவர்கள் தம் நினைவிலிருந்து சான்றளித்தனர். மறு ஆண்டு எழுத்தாளர் காம்ப்டன் மெக்கன்சி இக்கூற்றை ஆதரித்து எழுத, அது நிலைபெற்றது. ஒரு விளையாட்டின் தோற்ற வரலாறு முழுவதும், அவ்வறைக்குள் உறுப்பினர்களாக நுழைந்தவர்களின் முதுமைக்கால நினைவைச் சார்ந்து நிற்கிறது. அதே அறையில் வேறு சிலரும் இருந்தனர். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

2. மார்க்கர்

அந்த வேறு சிலருள் முதன்மையானவர் மார்க்கர். ஆங்கிலேயர் காலக் கிளப்புகளின் பில்லியர்ட்ஸ் அறையில் புள்ளிப்பலகையைக் கவனிப்பது, குழியில் விழுந்த பந்தை எடுத்து உரிய இடத்தில் வைப்பது, எட்டாத பந்துக்குத் தாங்குகோலை எடுத்துக் கொடுப்பது, மேசையின் பச்சைத் துணியைத் துலக்கி இஸ்திரி போடுவது, இணை கிடைக்காத உறுப்பினருடன் ஆடி அவருக்குப் பயிற்சி தருவது ஆகியன அவருடைய வேலை. இச்சொல் இன்றும் தமிழகக் கிளப்புகளில் அப்படியே வழங்குகிறது. எழுதுகோலைக் குறிக்கும் 'மார்க்கர்' வேறு. இது ஒரு மனிதரின் வேலைப்பெயர்.

பில்லியர்ட்ஸ் அறைக்குள் இந்தியர் நுழைய முடிந்தது பெரும்பாலும் இப்படித்தான். சென்னையில் 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் நெடுங்காலம் ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அதற்கு எதிர்வினைபோல் இந்தியரும் ஐரோப்பியரும் சேர்ந்து பழக 1873இல் காஸ்மோபாலிட்டன் கிளப் எழுந்தது. அங்கும் வழக்கறிஞர், நிலக்கிழார், உயர் அலுவலர் ஆகியோரே உறுப்பினர். கதவு சற்றே திறந்தது, அகலத் திறக்கவில்லை.

கதவு மட்டுமா தடை? மேசையின் எடையும் ஒரு தடை. முழு அளவு ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்டது. துணிக்கு அடியில் கிடப்பது தடித்த சிலேட்டுக் கற்பலகை. மொத்த எடை ஒரு டன்னுக்கும் மேல். கோலை வீசுவதற்கு நாற்புறமும் இடம்விட்டால் 22 அடிக்கு 16 அடி அளவிலான அறை வேண்டும். நீலகிரி மலை இரயில் குன்னூருக்கு 1899இலும் ஊட்டிக்கு 1908இலும்தான் வந்தது. அதற்கு முன் ஊட்டிக்கு ஏறிய ஒவ்வொரு கற்பலகையும் மலைப்பாதை வழியே, மாட்டின் முதுகும் மனிதரின் தோளும் பட்ட பாட்டில் ஏறியிருக்க வேண்டும். அக்காலப் பந்துகள் யானைத் தந்தத்தில் கடையப்பட்டவை. இவ்வளவு கல்லும் மரமும் தந்தமும் உழைப்பும் ஓர் அறைக்குள் சேர்ந்தால்தான் ஆட்டம். ஆகவே பார்ப்பதும் அந்த அறைக்குள் அனுமதி பெற்றவர்க்கே.

மார்க்கர் அவ்வனுமதியைப் பணியாளராகப் பெற்றவர். ஊட்டி அறையில் நடந்த ஆட்டங்களை எந்த உறுப்பினரைவிடவும் அதிகமாகப் பார்த்தவராக அவர் இருந்திருக்க வேண்டும். எந்த அதிகாரியின் கை நடுங்கும், எவர் இடப்பக்கக் குழியைத் தவறவிடுவார் என்பன அவருக்கு அத்துபடியாக இருந்திருக்கும். ஸ்னூக்கரின் தோற்றக் கதையிலோ அவருக்குப் பெயரில்லை.

3. அறையிலிருந்து அரங்குக்கு

1885இல் அக்காலப் பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தாவுக்கு வந்தபோது சேம்பர்லேனைச் சந்தித்து விதிகளைக் கேட்டறிந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார் என்பது வழங்கும் செய்தி. 1900இல் இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் சங்கம் அவ்விதிகளை முறைப்படுத்தியது. 1927இல் தொழில்முறை உலகப் போட்டி தொடங்கியது. முதல் வெற்றியாளர் ஜோ டேவிஸ். இலண்டனின் தர்ஸ்டன்ஸ் அரங்கில் மக்கள் கட்டணம் செலுத்தி அமர்ந்து பார்த்தனர். கிளப்பின் இடத்தைச் சீட்டு பிடித்தது. ஆயினும் ஒரு மேசையைச் சுற்றி அமரக்கூடியோர் சில நூறு பேரே. பந்தின் விட்டம் ஏறத்தாழ 5 செ.மீ.; பின்வரிசையில் இருப்பவருக்கு அது புள்ளி.

இந்த எல்லையை உடைத்தது தொலைக்காட்சி. குறிப்பாக வண்ணத் தொலைக்காட்சி. பிபிசியின் இரண்டாம் அலைவரிசை 1967இல் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. வண்ணத்தின் பயனைக் காட்டச் செலவு குறைந்த நிகழ்ச்சி தேவைப்பட்டது. இயற்கை வரலாற்றுப் படங்களால் பின்னர் உலகப் புகழ் பெற்ற டேவிட் அட்டன்பரோவே அப்போது அங்கே பொறுப்பில் இருந்தவர். சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று எட்டு வண்ணங்கள் பச்சைத் துணிமேல் உருளும் ஸ்னூக்கரைவிடப் பொருத்தமான ஆட்டம் உண்டா? 1969 ஜூலையில் 'பாட் பிளாக்' தொடங்கியது. 1985 உலக இறுதிப்போட்டியில் டெனிஸ் டெய்லர் ஸ்டீவ் டேவிஸைக் கடைசி பிரேமின் கடைசிக் கறுப்புப் பந்தில் வென்றதை நள்ளிரவு கடந்தும் 1.85 கோடிப் பேர் பார்த்தனர். ஊட்டியில் ஒரு மார்க்கர் பார்த்த ஆட்டத்தை ஒரு நாட்டின் மூன்றிலொரு பங்கு மக்கள் வீட்டிலிருந்தே பார்த்தார்கள்.

4. வென்றும் காணப்படாதவர்கள்

பிறந்த நாட்டின் நிலை வேறு. 1958இல் கல்கத்தாவில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வில்சன் ஜோன்ஸ் வென்றார். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் விளையாட்டில் முதல் உலகப் பட்டம் இதுவே. முதல் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் போட்டியும் 1963இல் கல்கத்தாவில்தான் நடந்தது. 1977இல் மைக்கேல் பெரேரா மெல்போர்னில் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். 1984இல் ஓம் அகர்வால் டப்ளினில் ஸ்னூக்கர் பட்டம் வென்றார். ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் வந்த வெற்றிகள் வானொலி வருணனை வழியாகத் தெருமுனைத் தேநீர்க் கடைவரை சென்றன. கோல்பந்தாட்ட வெற்றிகள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் எண்களாக வந்து அடங்கின.

காரணம் ஆட்டத்தின் இயல்பிலேயே உள்ளது. கிரிக்கெட்டை வானொலியில் சொல்ல முடியும். பந்து எல்லையைக் கடந்தது என்றால் போதும். பில்லியர்ட்ஸின் அழகு, அடித்த பந்து விழுவதில் பாதி. வெள்ளைப் பந்து அடுத்த அடிக்கு எங்கே வந்து நிற்கிறது என்பதில் மீதி. அதைச் சொல்லால் காட்டுவது கடினம். கண்ணால் காண வேண்டும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டில் தொடங்கியது கறுப்பு வெள்ளையில். தேசிய அளவில் வண்ணம் வந்தது 1982இல். அதற்கு முன் ஸ்னூக்கரைக் காட்டியிருந்தாலும் பழுப்பு எது, பச்சை எது என்று பார்ப்பவர்க்குப் புலப்பட்டிருக்காது.

5. முகம் தெரியாமை

அமெரிக்காவில் பூல் வேறு வழியில் கண்ணுக்கு வந்தது. 1961இல் வெளிவந்த 'தி ஹஸ்லர்' திரைப்படம் பூல் கூடங்களுக்குப் புத்துயிர் அளித்தது. ருடால்ப் வாண்டரோன் என்னும் ஆட்டக்காரர் அப்படத்தின் பாத்திரப் பெயரான 'மின்னசோட்டா பேட்ஸ்' என்பதைத் தமக்கே சூட்டிக்கொண்டார். 1978இல் அவருக்கும் வில்லி மாஸ்கோனிக்கும் நடந்த ஆட்டத்தை ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது, வென்றவர் மாஸ்கோனி.

தொலைக்காட்சியின் கண் படாத இடங்களும் இருந்தன. பிலிப்பைன்ஸின் எப்ரென் ரேயஸ் 1985இல் அமெரிக்காவுக்கு வந்தபோது 'சீசர் மொராலஸ்' என்ற வேறு பெயரில் ஆடினார். பணயம் கட்டி ஆடும் உலகில், வல்லவர் என்று தெரிந்துவிட்டால் எதிரே ஆள் கிடைக்காது. அவர் பெயர் முன்பே அமெரிக்கக் கூடங்களை எட்டியிருந்தது, முகம் எட்டவில்லை. மாற்றுப்பெயர் அதனாலேயே பலித்தது. பத்தாண்டுக்குள் நிலை மாறியது. 1980களிலிருந்தே போட்டிகளைப் பதிவுசெய்து வீடியோ கேசட்டாக விற்கும் அமெரிக்க நிறுவனங்கள் தோன்றின. 1994இல் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்ற முதல் அயல்நாட்டவரானார் ரேயஸ். ஏர்ல் ஸ்டிரிக்லண்டுக்கு எதிராக அவர் ஆடிய, மேசையின் விளிம்புகளில் 'இசட்' வடிவில் மோதித் திரும்பும் அடியை இன்று எவரும் யூடியூபில் காணலாம். இனி ஒரு ரேயஸ் முகத்தை மறைத்துக்கொண்டு எந்த ஊருக்கும் போக முடியாது. பார்வை பரவினால் புகழும் பரவும். மறைவதற்கான இடம் சுருங்கும்.

6. ஆறு அங்குல மேசை

தமிழ் வீடுகளுக்குள் பூல் நுழைந்த வழி தனியானது. கிளப்பும் தொலைக்காட்சியும் செய்யாததைக் கைப்பேசி விளையாட்டு ஒன்று செய்தது. மினிகிளிப் நிறுவனத்தின் '8 பால் பூல்' 2010இல் இணையத்திலும், பின்னர்க் கைப்பேசியிலும் வந்தது. உண்மையான கோலைத் தொட்டே பார்க்காத ஒரு தலைமுறை, வெள்ளைப் பந்தின் எந்தப் பகுதியில் அடித்தால் அது எப்படித் திரும்பும் என்பதை விரல்நுனியில் கற்றது. 2016 செப்டம்பரில் ஜியோ வணிகச் சேவையைத் தொடங்க, இணையத் தரவின் விலை சரிந்தது. மணிக்கணக்கில் நேரலை பார்ப்பது மாதச் செலவை விழுங்கும் ஆடம்பரமாக இருந்த காலம் அதனோடு முடிந்தது.

திரைக்குப் பொருத்தமானதாகப் பூலும் தன்னை மாற்றிக்கொண்டது. பூல் மேசை 9 அடிக்கு 4.5 அடி, மேலிருந்து எடுத்தால் முழு மேசையும் கைப்பேசித் திரையில் அடங்கும். ஸ்னூக்கரில் 22 பந்துகள்; ஒன்பது பந்து பூலில் வெள்ளையோடு சேர்த்துப் பத்தே. மிகச் சிறிய எண்ணுள்ள பந்தையே முதலில் தொட வேண்டும், ஒன்பதைக் குழியிலிட்டவர் வென்றார் என்பதால் புதியவரும் இரண்டு நிமிடத்தில் ஆட்டத்தைப் பின்தொடரலாம். பந்தின் நிறமே மாறியது. மரபுப்படி நான்காம் பந்து ஊதா, ஏழாம் பந்து அரக்கு நிறம். திரையில் இவை பிற அடர்நிறப் பந்துகளோடு குழம்பியதால், தொலைக்காட்சிக்கான தொகுப்பில் நான்கு இளஞ்சிவப்பாகவும் ஏழு வெளிர்பழுப்பாகவும் ஆயின. ஆடுபவரின் வசதிக்காக அன்றிப் பார்ப்பவரின் கண்ணுக்காகச் செய்யப்பட்ட மாற்றம் இது. மேசையை விட்டுத் தொலைவில் இருப்பவர் மேசையின் பொருள்களையே மாற்றத் தொடங்கினார்.

பார்வைக் கோணத்திலும் ஒரு தலைகீழ் நிகழ்ந்தது. ஊட்டி கிளப்பின் மார்க்கர் மூலையில் நின்று பார்த்தார். இன்று வீட்டில் இருப்பவருக்கு உச்சியிலிருந்து பார்க்கும் ஒளிப்படக்கருவி உண்டு. பந்துக்கும் குழிக்கும் இடையிலான கோடு ஆடுபவரைவிடப் பார்ப்பவருக்கே தெளிவாகத் தெரியும். வேகம் குறைத்த மறுகாட்சியில் வெள்ளைப் பந்தின் சுழற்சியை அவரால் எண்ணவும் முடியும்.

நேரமும் உண்டு. இங்கிலாந்தில் குளிர்காலத்து மாலை ஏழு மணி ஆட்டம் இந்தியாவில் நள்ளிரவு 12.30. லாஸ் வேகாஸில் கோடைகாலத்து மாலை ஏழு என்றால் இங்கே மறுநாள் காலை 7.30, வேலைக்கோ கல்லூரிக்கோ கிளம்பும் வேளை. அண்மைக் காலத்தில் உலக பூல் போட்டி ஜித்தாவுக்கு மாறியபின், மாலை ஆட்டம் இங்கே இரவு 9.30க்குத் தொடங்கியது. 2025இல் பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ பெடோர் கோர்ஸ்டை வென்ற இறுதியாட்டத்தை விழித்திருந்து பார்ப்பது இந்தியர்க்கு முன்னளவு கடினமில்லை. எந்த நகரம் பணம் கொடுத்துப் போட்டியை வாங்குகிறது என்பது, சித்தூர்ப் பக்கத்து வீட்டில் விளக்கு எப்போது அணையும் என்பதையும் தீர்மானிக்கிறது.

7. திறந்த கதவும் திறவாக் கதவும்

இவற்றைக் கொண்டு கதவு முற்றிலும் திறந்துவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரமாகும். 2017இல் தொழில்முறை ஸ்னூக்கரின் இந்தியன் ஓபன் விசாகப்பட்டினத்தில் நடந்தது. ஜான் ஹிக்கின்ஸ் வென்றார். ஆந்திர மாநிலத்துக்கே உலகத்தரப் போட்டி வந்தது. ஆனால் அம்மாநிலத்தின் தெற்கு முனையிலுள்ள விஜயபுரத்திலிருந்து விசாகப்பட்டினம் 700 கிலோமீட்டருக்கும் அப்பால். அதைப் பார்த்த தென்முனைக்காரருக்கும் அது பெரும்பாலும் திரையில் நடந்த போட்டியே. அதே ஆண்டு அகமதாபாத்தில் 'கியூ ஸ்லாம்' என்ற குழுப்போட்டி தொலைக்காட்சிக்காகவே வடிவமைக்கப்பட்டு நடந்தது. 'சென்னை ஸ்டிரைக்கர்ஸ்' என்றொரு அணியும் அதில் இருந்தது. அணியின் பெயரில் சென்னை வந்தது, மேசை வரவில்லை.

மொழியும் ஒரு கதவே. 2017இல் தமிழுக்கென விளையாட்டு அலைவரிசை வந்தபின் கிரிக்கெட்டும் கபடியும் தமிழில் பேசின. சர்வதேசப் பூல் ஆங்கிலத்திலேயே பேசுகிறது. வெள்ளைப் பந்தைப் பின்னிழுக்கும் அடிக்கும், விளிம்பில் மோதவைத்துக் குழியிலிடும் அடிக்கும் தமிழ்ப் பார்வையாளர் என்ன சொல்கிறார்? பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லையே தமிழ் வினையோடு சேர்க்கிறார்: 'பேங்க் பண்ணினான்', 'ஸ்க்ரூ போட்டான்'. இவற்றைக் குறை என்று ஒதுக்குவது எளிது. இவை ஒரு கலைச்சொல் மரபு உருவாகும் கணத்தின் சான்றுகள் என்று காண்பதே ஆய்வுக்குப் பொருத்தம். 'மார்க்கர்' என்ற சொல்லும் ஒருகாலத்தில் இவ்வாறே நுழைந்திருக்கும்.

யாருக்கு மேசை கிடைக்கிறது என்பதே கடைசிக் கேள்வி. 2025 நவம்பரில் தோகாவில் நடந்த உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியில் சென்னையின் அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங்கின் இங் ஆன்-யீயை வென்று பட்டம் பெற்றார். ஊட்டியில் விதி எழுதப்பட்டபோது ஒரு தமிழ்ப்பெண் அந்த மேசையருகே கோலோடு நிற்பது எண்ணிப் பார்க்கவும் இயலாதது. அவ்வகையில் இது நூற்றைம்பது ஆண்டுக் கணக்கொன்று நேரான நாள். ஆயினும் சென்னையில் பயிற்சிக்கூடம் உண்டு. எல்லையோரச் சிற்றூர்களில் அதற்கு வாய்ப்பு அரிது. திரையில் எல்லாம் தெரிந்த ஒருவர், கோலைப் பிடிக்க நூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருந்தால், அவர் இன்னும் மூலையில்தான் நிற்கிறார். மூலை மட்டும் வசதியானதாகிவிட்டது.

விளையாட்டு வரலாறு, மொழியியல், ஊடகவியல் ஆகிய துறைகளின் மாணவர்க்கு இங்கே செய்யத்தக்க பணிகள் மூன்று. கிளப்புகளின் ஊதியப் பதிவேடுகளிலும் ஆண்டறிக்கைகளிலும் மார்க்கர்களின் பெயர்களைத் தேடலாம். தந்தையோ பாட்டனோ மார்க்கராக இருந்த குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றை, சொல்பவர்கள் இருக்கும்போதே பதிவுசெய்யலாம். இன்றைய வீட்டுப் பார்வையாளர் ஆட்டத்தைப் பற்றித் தம்முள் பேசிக்கொள்ளும் தமிழைத் தொகுக்கலாம். நேரலைகள் உரிமம் முடிந்ததும் நீக்கப்படுகின்றன, கைப்பேசிகள் மாற்றப்படுகின்றன, உரையாடல்கள் அழிகின்றன. சேம்பர்லேனுக்கு அறுபத்து மூன்று ஆண்டு கழித்தும் கடிதம் எழுத ஓர் இதழ் இருந்தது. மார்க்கருக்கு அது வாய்க்கவில்லை. நள்ளிரவில் திரை பார்ப்பவருக்கும் வாய்க்காமல் போகுமா என்பது, அவர் பேசும்போது அருகில் எவரேனும் எழுதிக்கொண்டிருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.